தினமும் ஓடியும் நேரம் கூடிக்கொண்டே போனால்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வயது 20, குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் வீடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து அப்பாவோடு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. மாலை 5 மணிக்குப் பள்ளி மைதானத்தில் 8 கிலோமீட்டர், 7 மணிக்கு ஜிம்மில் ஒரு மணி நேரம், வாரம் ஏழு நாளும். ராணுவத்தின் அக்னிவீர் தேர்வுக்கான 1.6 கிலோமீட்டரை இரண்டு மாதத்துக்கு முன் 5 நிமிடம் 45 விநாடியில் முடித்தீர்கள். இப்போது 6 நிமிடம் 10 விநாடி ஆகிறது. எடை 63 கிலோவிலிருந்து 60 ஆகிவிட்டது. உடற்பயிற்சி அதிகமாகிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: கூட்டுக்காரர்கள் மடி (சோம்பல்) என்கிறார்கள், எனக்கு மடியா, இல்லை உண்மையிலேயே உடம்பு தாங்கவில்லையா?

எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், இது மடி மாதிரித் தெரியவில்லை. மடி பிடித்தவனுக்கு மைதானத்துக்குப் போவதுதான் பாடு. போய்ப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பு சூடாகிவிட்டால் கால் லேசாகிவிடும். தீராத களைப்பு இதற்கு நேர்மாறு: ஆசையோடு போவீர்கள், சூடாக ஆகக் கால் கனக்கும், முதல் சுற்றில் இருந்த வேகம் மூன்றாவது சுற்றில் இருக்காது. இது ஆய்வகத்தில் அளந்து நிறுவிய விதியல்ல, மைதானத்து அளவுகோல்தான். ஆனாலும் முதல் சல்லடையாக நன்றாகவே உதவும். நீங்கள் எழுதியது இரண்டாவது வகை.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது யாரும் வலுவாவதில்லை. ஓட்டத்தில் உடம்பு தளர்கிறது. பிறகு உண்டு உறங்கி ஓய்ந்திருக்கும்போதுதான் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறி நிற்கிறது. ஆகவே 'அதிகம்' என்பதற்குக் கிலோமீட்டரில் எல்லை கிடையாது. மீளும் வேகத்தைவிடத் தளரும் வேகம் கூடினால் 4 கிலோமீட்டரும் அதிகம்தான். ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2013-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை இதை மூன்று படியாகப் பிரிக்கிறது. முதல் படியில் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஓய்ந்தால் திறன் திரும்பும், பழைய அளவைத் தாண்டியும் போகும். பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே இந்தப் படிக்குக் கொண்டு போவதும் உண்டு. இரண்டாவதில் திரும்ப வாரங்கள் பிடிக்கும், சில சமயம் மாதங்கள், லாபம் ஒன்றுமிருக்காது. மூன்றாவதுதான் மிகைப்பயிற்சி: மாதக்கணக்கில் ஓய்ந்தும் திறன் திரும்பாத நிலை. தூக்கம், மனநிலை, பசி எல்லாம் கெட்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அப்போது தெரியாது. ஓய்வெடுத்த பிறகு எத்தனை நாளில் மீண்டோம் என்பதை வைத்துத்தான் பின்னோக்கிச் சொல்ல முடியும். மூன்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்றே: பயிற்சி குறையாமலிருக்கத் திறன் குறைவது. உங்களுடைய 25 விநாடி என்பது ஏறக்குறைய 7 சதவீதம். வெயிலும் புழுக்கமும் கூடியதில் கொஞ்சம் போயிருக்கலாம். ஆனால் ஆறு நிமிட ஓட்டத்தில் அவை மட்டுமே இவ்வளவு தின்பது கடினம்.

இனி கணக்கு. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பரப்பிய எளிய முறை ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் சும்மா இருந்தது, 10 என்றால் இதற்கு மேல் முடியாது. அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குங்கள். 50 நிமிட ஓட்டத்துக்கு 7 போட்டால் 350. ஒரு மணி நேர ஜிம்முக்கு 5 என்றால் 300. ஆக 650. நீங்கள் கணக்கில் சேர்க்காதது பால்வெட்டு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து வெட்டி, பிறகு சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து வாளியில் சுமந்து வருவது நாலு மணி நேர வேலை. அதற்கு வெறும் 3 போட்டாலும் 240 நிமிடத்துக்கு 720. வெட்டு நாளில் மொத்தம் 1370. அதில் பாதிக்கு மேல், நீங்கள் பயிற்சி என்றே நினைக்காத வேலை. இந்த அளவுகோல் தொழிலை அளக்க உண்டானதல்ல, அதனால் 720 என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். பால்வெட்டானாலும் கடற்கரையில் கரமடி வலை இழுப்பதானாலும் கொத்தனாருக்குக் கையாளாகப் போவதானாலும், தொழிலின் களைப்பு வேறு பயிற்சியின் களைப்பு வேறு என்று உடம்பு பிரித்து வைக்காது என்பதைக் காட்டவே சொன்னேன். ஃபாஸ்டர் கவனித்த இன்னொன்றும் உங்களுக்குப் பொருந்தும். மொத்தச் சுமை மட்டுமல்ல, எல்லா நாளும் ஒரே சுமையாக இருப்பதும் கெடுக்கும். கடினமான நாளும் லேசான நாளும் மாறி மாறி வருகிற வாரத்தைவிட, ஏழு நாளும் நடுத்தரக் கடினமாகப் போகிற வாரம் மோசம்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: பத்தரைக்குப் படுப்பேன். வெட்டு நாளில் அப்படியென்றால் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும், கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அதற்கு மேலும். ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். வெட்டு முடிந்து வந்து மதியம் ஒன்றரை மணி நேரம் படுத்தாலும் முழுதாக ஈடாகாது, ஆனால் பெரும் வித்தியாசம் தெரியும். ஜிம்முக்கு முன் கலக்கிக் குடிக்கிற பொடியை நிறுத்துங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது காஃபின். அது களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கிறது. உடலில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 7 மணிக்குக் குடித்தது நள்ளிரவிலும் பாதி மிச்சமிருக்கும். அதிகாலை வெட்டுக்கு முன் குடிக்கிற கட்டன் சாயாவுக்கு (பால் சேர்க்காத தேநீர்) ஒரு தடையுமில்லை.

அடுத்தது சாப்பாடு. இரவுச் சோற்றை விட்டுவிட்டதாகவும் எடை குறைந்ததில் சந்தோஷம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகும். 60 கிலோவுக்கு 8 கிலோமீட்டர் என்றால் 480. ஜிம்மையும் சேர்த்தால் 700 வரை. கொழுப்பு நீங்கலான உடல் எடையை 51 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிச் செலவு போக, அந்த எடையில் கிலோவுக்கு 45 கிலோகலோரி மிஞ்சினால் உடம்பின் மற்ற வேலைகள் தடையின்றி நடக்கும். 30-க்குக் கீழே நீண்ட நாள் போனால் ஹார்மோன், எலும்பு, நோய் எதிர்ப்பு என்று ஒவ்வொன்றாக உடம்பு செலவைக் குறைக்கும். அதாவது 3000 கிலோகலோரி அளவுக்கு உள்ளே போக வேண்டும், 2200-க்குக் கீழே போனால் ஆபத்து. வெட்டு நாளில் இன்னும் கூடுதலாக வேண்டும். இந்த 30 என்ற எல்லை பெண்களிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. ஆண்களுக்குக் கோடு அவ்வளவு துல்லியமாகப் போடப்படவில்லை, அதனால் எண்ணைவிட அறிகுறியைப் பாருங்கள். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே வைத்தது. அதன் முகம் மிகைப்பயிற்சியின் முகம் போலவேதான் இருக்கும், மருந்து மட்டும் வேறு: சோறு. பெண்களுக்கு மூன்று மாதம் மாதவிலக்கு நின்றுபோவதும், ஆண்களுக்குக் காலை விறைப்பும் ஆர்வமும் குறைவதும் இதன் அடையாளங்கள். ஊர்ப்பெண்கள் கபடிக்கும் காவலர் தேர்வுக்கும் பயிற்சி எடுக்கும் இடங்களில் இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

உங்களுக்கு மாவுச்சத்து ஒரு நாளைக்கு 300 முதல் 400 கிராம் வரையும் புரதம் 75 முதல் 100 கிராம் வரையும் தேவைப்படும். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவுச்சத்துக்கு நல்லது. ஆனால் 100 கிராமில் புரதம் ஒன்றரை கிராம்கூட இருக்காது, அதனால் கட்டனோடு மரச்சீனி மட்டும் தின்று எழுவதைக் காலை உணவு என்று எண்ணாதீர்கள். மரச்சீனியும் சாளை (மத்தி மீன்) கறியும் சேர்ந்தால் கணக்கு சரியாகும். 100 கிராம் சாளையில் புரதம் ஏறக்குறைய 20 கிராம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். கஞ்சியும் பயறும் பழைய ஆட்கள் சும்மா சேர்த்ததல்ல. இரவுச் சோறு திரும்பி வரட்டும். ஓட்டம் முடிந்த கையோடு ஒரு நேந்திரம் பழமோ மூன்று நான்கு மட்டிப்பழமோ தின்றுவிட்டு ஜிம்முக்குப் போனால் அங்கே தூக்குவதும் ஒழுங்காக இருக்கும்.

இனி சந்தேகத்துக்குரியவை. காலையில் எழுமுன் படுத்தபடியே மணிக்கட்டில் 60 விநாடி நாடியை எண்ணச் சொல்வார்கள். செய்யலாம், செலவில்லை. லேசான ஒரு வாரத்தில் ஏழு நாள் எண்ணிச் சராசரி எடுங்கள். பிறகு தொடர்ந்து மூன்று நாள் அதைவிட 7 முதல் 10 வரை கூடினால் அன்று கடினப் பயிற்சி வேண்டாம்; காய்ச்சல் வரப்போவதற்கும் அதுவே முன்னறிவிப்பாக இருக்கலாம். ஆனால் கூடவில்லை என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. மிகைப்பயிற்சியில் காலை நாடி மாறாமலே இருப்பதும் உண்டு. இன்னும் விசித்திரம்: அதே வேகத்தில் ஓடும்போது நாடி வழக்கத்தைவிடக் குறைவாகவும் களைப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். கைக்கடிகாரத்தில் நாடி குறைந்ததைப் பார்த்துத் திறன் ஏறிவிட்டது என்று நினைத்து மேலும் ஓடுகிறவர்கள் விழுவது இங்கேதான். நாடியையும், அந்த வேகம் எவ்வளவு கடினமாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் உங்கள் உணர்வை நம்புங்கள். கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், கிரியேட்டின் கைனேஸ் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து இரத்தம் பார்த்து மிகைப்பயிற்சியை உறுதிசெய்ய முடியாது. அதற்கென்று ஒரு பரிசோதனை இதுவரை இல்லை. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற பிரபலமான விதிக்கும் பலமான ஆதாரம் இல்லை, ஆனாலும் அவசரக்காரர்களுக்குக் கடிவாளமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்பதல்ல. மிகைப்பயிற்சி என்பது மற்ற காரணங்களைக் கழித்த பிறகு வைக்கிற பெயர். இரத்தசோகை, இரும்புச் சேமிப்புக் குறைவு, தைராய்டு, சர்க்கரை, ஆறாத காய்ச்சல், மனச்சோர்வு எல்லாமே இப்படித்தான் தொடங்கும். முழு இரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், வெறும் வயிற்றுச் சர்க்கரை என்ற நாலும் போதுமான தொடக்கம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ரப்பர் சிரட்டையில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு பெருகும், சேற்றில் எலிக்காய்ச்சல் ஒட்டும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசை கடுமையாக வலிக்கும். ஓடுகிறவன் அதை ஓட்டத்தின் வலி என்று நினைத்து இரண்டு நாள் தள்ளிப்போட்டால் சிறுநீரகம் வரை போய்விடலாம். காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி மூன்றும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், தோட்டத்தில் வேலை செய்வதையும் சொல்லுங்கள். எந்தக் காய்ச்சலுக்குப் பிறகும் நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், இதயத் தசை அழற்சி இல்லை என்று தெரியும்வரை ஓடக் கூடாது.

வலியைப் பிரித்தறிவதுதான் அன்றாடம் பயன்படும் அறிவு. பழகாத பயிற்சிக்குப் பிறகு வரும் சாதாரணத் தசைவலி 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சமாகி, ஒரு வாரத்துக்குள் போய்விடும். இரண்டு காலிலும் இருக்கும், கொஞ்சம் நடந்தால் இளகும். மருந்துவாழ்மலை ஏறி இறங்கிய மறுநாள் தொடை பிடிப்பது ஏறியதால் அல்ல, இறங்கியதால். தசை நீண்டபடியே சுமை தாங்கும்போதுதான் அதிகம் நைகிறது. எலும்பு வலி வேறு மாதிரி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் எலும்புறை எரிச்சலாக இருக்கும். சுமையைக் குறைத்தால் ஆறும். ஒரே புள்ளியில், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் சுள்ளென்று வலித்து, இரவு படுத்தாலும் வலி தொடர்ந்தால் எலும்பில் நுண்விரிசல் என்றே வைத்து ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். இடுப்பு மடிப்பில் ஆழமாக வலித்து, அந்தக் காலில் குதித்தால் கூடினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: தொடையெலும்பின் கழுத்து விரிசல் முழு முறிவாக மாறினால் அறுவைதான். வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவிக்கொள்வது தசைக்குச் சுகம், நானும் குறை சொல்லமாட்டேன். அந்தப் புள்ளி வலியில் மட்டும் அழுத்தித் தடவ விடாதீர்கள். மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது இரண்டு விதத்தில் கெடுதல்: எலும்பு கொடுக்கும் எச்சரிக்கையை அடைத்துவிடும், வேர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் தாக்கும்.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதவை இவை. கடும் பயிற்சிக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போவது, தசை கல்லாக வீங்கிக் கையைக் காலை மடக்க முடியாமல் போவது: தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். ஜிம்மில் முதல் நாளே பந்தயம் கட்டித் தூக்கும் புதியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் இருக்காமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனையோ, உடனே போய்விட வேண்டும். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், ஓட்டத்தின் நடுவில் மயங்கி விழுதல், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகியவை இருந்தாலும் இதய மருத்துவர் பார்க்காமல் மைதானத்துக்குத் திரும்ப வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் 14 நாள் சோதனை ஒன்று செய்து பாருங்கள். முதல் மூன்று நாள் ஓட்டமும் ஜிம்மும் கிடையாது, பால்வெட்டு மட்டும். நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 20 முதல் 30 நிமிடம், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் மட்டும். அதன் பிறகு மூன்று நாள் வேலை தவிர மறுபடியும் ஓய்வு. பதினான்காம் நாள், வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து, அதே மைதானத்தில் அதே நேரத்தில் 1.6 கிலோமீட்டர் ஓடுங்கள். பழைய 5:45 பக்கத்தில் வந்துவிட்டால் முதல் படியில்தான் இருந்திருக்கிறீர்கள். பாதி திரும்பியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று வாரம் லேசாகவே போகட்டும். அசையவே இல்லையென்றால் மேலே சொன்ன நாலு பரிசோதனைகளோடு மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரத்தில் வேகம் எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். இத்தனை மாதம் சேர்த்த திறனில் அதற்குள் போவது சொற்பம், திரும்பி வருவதும் சீக்கிரம்.

மீண்ட பிறகு வாரத்துக்கு நாலு ஓட்டம், இரண்டு ஜிம். கடினமான ஓட்டம் ஒன்றே ஒன்று போதும், அதுவும் வெட்டு இல்லாத நாளில். முழு மதிப்பெண்ணுக்கு 5 நிமிடம் 30 விநாடி என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 82.5 விநாடி. அந்த வேகத்தில் ஐந்து சுற்று, நடுவே இரண்டு நிமிடம் நடை. இரண்டாவது சுற்றிலேயே 86-க்கு மேல் போய்விட்டால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மற்ற மூன்று ஓட்டங்களும் பேச்சு வேகம். அதில் ஒன்று மட்டும் 8 கிலோமீட்டர், மற்றவை 5. முழு மதிப்பெண்ணுக்குப் புல்-அப்ஸும் 10 தேவை என்பதால் ஜிம்மின் இரண்டு நாளையும் அதற்கே கொடுக்கலாம், கால் பயிற்சி ஒரு நாள் லேசாக. ஞாயிறு கோயிலோ சர்ச்சோ வீட்டுத் திண்ணையோ, ஓட்டம் வேண்டாம். புழுக்கமான மாலைகளில் ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்த்திருக்கிறது. 1.2 கிலோவுக்கு மேல் குறைந்த நாளில் நேரம் மோசமானால் அதை மிகைப்பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம். வேர்த்துப் போன நீரை ஈடுகட்ட உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் போதும்.

முன்னெலும்பை அழுத்திப் பார்த்தது என்ன சொன்னது, எடை குறைந்த அந்த இரண்டு மாதத்தில் காய்ச்சல் ஏதும் வந்துபோனதா, இந்த இரண்டையும் எழுதுங்கள். காய்ச்சல் வந்திருந்தால் 14 நாள் சோதனையைத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை.